எவருக்காக அஞ்சினாய்?

1

ஸ்ரீவில்லிபுத்தூரில் நோன்பு என்ற சொல் இரண்டு தெருக்களில் குடியிருக்கிறது. ஆண்டாளின் ஊர் அது. திருப்பாவையின் பெண்கள் நெய்யும் பாலும் விலக்கி மேற்கொள்வது நோன்பு. அதே ஊரின் பள்ளிவாசல் தெருவில், ரமலான் மாதத்தில், விடியலிலிருந்து மாலைவரை ஒரு மிடறு தண்ணீரும் இறங்காமல் இருப்பதும் நோன்புதான். அரபியின் ஸௌமையோ, உருது பேசுபவர்களின் ரோஜாவையோ தமிழ் முஸ்லிம் தன் வாய்ச்சொல்லாக ஆக்கிக்கொள்ளவில்லை. தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று தன் மதத்தின் மையமான காரியங்களுக்கு இருந்த சொற்களையே எடுத்துக்கொண்டான்.

ஊருக்கு அருகே திருவண்ணாமலை என்று ஒரு குன்று இருக்கிறது. தீபத்துக்கும் ரமணருக்கும் பெயர்போன திருவண்ணாமலை அல்ல. சீனிவாசப் பெருமாள் நிற்கும் திருவண்ணாமலை. தென்திருப்பதி என்றும் சொல்வார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் அங்கு திரள்கிறது. அன்று வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு படியேறும் பெண்ணும், ரமலானில் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு அடுப்பு முன் நிற்கும் பெண்ணும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களாக இருக்கக்கூடும். இருவரும் ஒரே சொல்லுக்குள் நிற்கிறார்கள்.

சொல்லின் வேர் நோற்றல். பொறுத்தல், தாங்குதல். வள்ளுவர் தவத்துக்கு உருவம் சொல்லும்போது இரண்டு பகுதிகளாகச் சொல்கிறார்: தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பது ஒன்று, பிற உயிருக்குத் துன்பம் செய்யாதிருப்பது மற்றது. துறவிக்கு இந்த இரண்டும் முரணின்றி ஒத்துப்போகும். அவன் பசித்தால் அவன் மட்டுமே பசிக்கிறான். பாலூட்டும் பெண்ணிடம் வரும்போது இந்த இலக்கணம் நடுவில் பிளந்துவிடுகிறது. அவள் பொறுத்துக்கொண்ட பசி இன்னோர் உயிரின் வாய்க்குப் போய்ச் சேரலாம். முதல் பாதியை நிறைவேற்றுவதே இரண்டாம் பாதியை மீறுவதாக ஆகிறது. தாய்மை தவத்துக்கு ஒரு விதிவிலக்கு என்று சொல்லி இதைக் கடந்துபோவது சுலபம். தவம் என்ற கருத்தே ஒற்றை உடலை வைத்துச் செய்யப்பட்டது, இரட்டை உடலுக்கு முன் அது திகைத்து நிற்கிறது என்று சொல்வதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தத் திகைப்பை இஸ்லாமியச் சட்டவியல் எவ்வாறு எதிர்கொண்டது என்பது, மத நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர் இருவருமே யோசிக்கவேண்டிய ஒரு விஷயம். நமது பத்திரிகைகளில் தாய்மை பற்றி எழுதப்பட்ட பலவற்றைவிட அதில் நுட்பம் அதிகம்.

2

நோயாளியும் பிரயாணியும் ரமலானில் நோன்பை விட்டு வேறு நாட்களில் ஈடுசெய்யலாம் என்பது குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம். கடவுள் உங்களுக்கு இலகுவையே விரும்புகிறான், கஷ்டத்தை அல்ல என்ற பொருளும் அவ்விடத்திலேயே வருகிறது. கர்ப்பிணி, பாலூட்டுபவள் என்ற பெயர்கள் அந்த வசனத்தில் இல்லை. நபிமொழிகளைக் கொண்டும் ஒப்புநோக்கியும் சட்ட அறிஞர்கள் அவர்களையும் அதனுள் கொண்டுவந்தார்கள். கொண்டுவரும்போது ஒரு கேள்வி எழுந்தது. இவளை யாரோடு சேர்ப்பது? இவள் நோயாளியா? நோயாளி அல்ல. பிரயாணியா? அதுவும் அல்ல. ஆரோக்கியமான பெண்கூட நோன்பை விட நேரலாம், தன் உடலுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் விட நேரலாம்.

தமிழகக் கடற்கரையில், காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் என்று நீளும் மரக்காயர் ஊர்களில் ஷாபி மரபு வழக்கில் இருக்கிறது. உள்நாட்டில், ராவுத்தர்கள் வாழும் ஊர்களில் ஹனபி மரபு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் இந்த உள்நாட்டைச் சேர்ந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்றவர்கள் அரபுத் தமிழில் எழுதிவைத்த மார்க்க நூல்கள் வழியாக இந்தச் சட்ட நுணுக்கங்கள் வீட்டுப் பெண்களின் அறிவுக்குள்ளும் வந்திருந்தன. எது கடமை, எது சலுகை, எதற்கு ஈடு என்பது ஆலிம்கள் மட்டும் பேசிய பேச்சல்ல.

ஷாபி மரபு பாலூட்டுபவளிடம் கேட்கிறது: எவருக்காக அஞ்சினாய்? உனக்காக, அல்லது உனக்காகவும் பிள்ளைக்காகவும் அஞ்சி நோன்பை விட்டாயானால், நோயாளியைப்போலப் பிறகு நோற்று ஈடு செய், அது போதும். இந்த ஈட்டுக்குக் களா என்று பெயர். உனக்கு ஒன்றும் இல்லை, பிள்ளைக்காக மட்டுமே அஞ்சினாய் என்றால், களாவும் செய். ஒவ்வொரு நாளுக்கும் இரு கை சேர்த்து அள்ளும் அளவு தானியம் ஏழைக்கும் கொடு. இது பித்யா. ஹனபி மரபு இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. உனக்காகவோ பிள்ளைக்காகவோ, அஞ்சினாய் அல்லவா? களா போதும்.

முதல் பார்வையில் ஷாபி விதி நம் உணர்ச்சிக்கு நேர்மாறாக இருக்கிறது. பிறருக்காகச் செய்தவளுக்குச் சுமை அதிகம், தனக்காகச் செய்தவளுக்குக் குறைவு. தியாகத்துக்கா அபராதம் என்று கேட்கத் தோன்றும். சட்ட நூல்கள் காட்டும் காரணம் நிதானமானது. ஒரே விடுதலால் இரண்டு பேர் பயன்பெற்றார்கள். ஆகவே ஈடும் இரண்டு. இது கணக்கு. ஆனால் இந்தக் கணக்கினடியில் ஒரு தார்மீக நிலைபாடு இருக்கிறது. தன் உடலுக்காக அஞ்சுவது என்பது விளக்கமோ மன்னிப்போ தேவைப்படாத முதல் நியாயம். ஒரு பெண் 'எனக்காக' என்று சொன்னால் சட்டம் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை. 'எனக்காகவும்' என்று சொன்னாலும் கேட்பதில்லை. அந்த ஒரு 'உம்' அவள் சுமையைப் பாதியாக்கிவிடுகிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு சட்ட மரபு தாயின் வாயிலிருந்து 'எனக்காகவும்' என்ற சொல்லை எதிர்பார்த்து ஓர் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறது. அந்த இடத்தில் எத்தனை தாய்மார்கள் வந்து உட்கார்ந்தார்கள் என்பதே பிரச்னை.

3

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பகல் ஷிப்ட். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா முதல் ஆலையைத் தொடங்கியதிலிருந்து அந்த ஊரின் நேரத்தை ஆலைச் சங்குதான் நிர்ணயித்துவந்திருக்கிறது. இரண்டாவது குழந்தைக்குப் பத்து மாதம். அரசு ஆஸ்பத்திரியில் இரத்தத்தைப் பார்த்துவிட்டு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இவள் அபூர்வமான நோயாளி அல்ல. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை; தமிழ்நாட்டில் 53.4 விழுக்காடு. அதாவது பாதிக்கு மேல். இரத்தசோகை இங்கு பெண் உடலின் சகஜநிலை ஆகிவிட்டது. சகஜமாகிவிட்ட ஒன்றை நோய் என்று சொல்லிச் சலுகை கேட்க யாருக்கும் வாய் வராது.

ரமலான் வருகிறது. எல்லோருக்கும் முன்னால் எழுந்து ஸஹர் உணவைச் சமைக்கிறாள். எல்லோரும் உண்ட பிறகு மீதியிருந்தால், பாங்கு ஒலிக்கும் முன் நேரமும் இருந்தால், உண்கிறாள். ஆலைக்குப் போகிறாள். திரும்பிவந்து வடைக்கு அரைக்கிறாள். பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி தூக்குப்போணியில் வருகிறது. கஞ்சி, வடை, தேநீர். இரும்பு மாத்திரையையும் அந்தத் தேநீரோடேயே விழுங்குகிறாள். தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது என்பதை மாத்திரை கொடுத்தவர் அவசரத்தில் சொல்லியிருக்கமாட்டார்.

ஐந்தாம் நோன்பிலேயே தலை சுற்றுகிறது. பால் குறைகிறது.

"எங்க காலத்துல வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டே முப்பதும் புடிச்சோம்" என்கிறாள் மாமியார். அதில் குரூரம் இல்லை. தான் தாங்கியதற்கு ஓர் அர்த்தம் இருந்தது என்று நம்பவேண்டிய அவசியம் அவளுக்கு.

"புள்ளைக்குப் பால் பத்தல, மாமி."

"அப்ப விட்டுடும்மா. புள்ள முக்கியம்."

சண்டை இல்லை. இரக்கமே ஜெயித்தது. ஆனால் நடந்தது என்ன என்று பார்க்கவேண்டும். அவள் தலை சுற்றியது பேச்சில் வரவே இல்லை. வீட்டின் மொழியில் நோன்பை விடுவதற்கு இருக்கும் ஒரே செல்லுபடியாகும் காரணம் பிள்ளை. அவளுக்கும் அது தெரியும். தன் உடலுக்காகப் பேசவேண்டிய இடத்தில் பிள்ளையின் உடலை முன்னிறுத்திப் பேசுகிறாள். அது பொய் அல்ல. முழு உண்மையும் அல்ல. இப்படிப் பல வருஷங்கள் பேசிவந்தால் ஒரு கட்டத்தில் அவளுக்கே தன் தலைச்சுற்றல் கேட்காமல் போய்விடும். பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வழியில் போன பிறகு, நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை நோயோடு அவள் ரமலானை எதிர்கொள்ளும்போது, எந்தக் காரணத்தைச் சொல்வாள்? முன்னிறுத்த ஒரு பிள்ளை இல்லை. 'எனக்காக' என்று சொல்லிப் பழக்கமில்லை. வேளை தவறிய மாத்திரைகளோடு, யாரிடமும் சொல்லாமல், முப்பது நாளும் நோற்பாள்.

குடும்பம், ஆரோக்கியம், இறைநம்பிக்கை மூன்றையும் சமநிலைப்படுத்தவேண்டும் என்று தாய்மார்களுக்குப் புத்தி சொல்கிறவர்கள் உண்டு. தராசு என்ற உவமை நேர்த்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் தராசுக்கு இரு தட்டுகள், அதைப் பிடிக்க ஒரு கை. அந்தக் கை தட்டுகளுக்கு வெளியே இருக்கவேண்டும். இந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு வெளி கிடையாது. தட்டில் கிடக்கும் பொருளும் அவள்தான், கோலும் அவள்தான். எடை பார்ப்பது மட்டும் வேறு யாரோ. சமநிலை கெட்டால் குற்றம் மட்டும் கோலின்மேல்.

4

இந்த இடத்தில் நம்மில் சிலர் பொறுமை இழப்பார்கள். இவ்வளவு சிக்கல் எதற்கு, நோன்பையே விட்டுத் தொலைத்தால் என்ன என்பார்கள். மதம் பெண்மேல் ஏற்றிய இன்னொரு சுமை. இறக்கிவைத்தால் உடலும் மீளும், பெண்ணும் மீள்வாள். பகுத்தறிவு இயக்கத்தின் சூடு ஆறாத தேசத்தில் இப்படித் தோன்றுவது இயல்பே.

ஆனால் இது அவளைக் கேட்காமல் சொல்லப்படும் பதில். அவள் ஒரு நாளில் செய்யும் காரியங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். சமையல் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும். ஆலை வேலை கூலிக்கு, கூலி வீட்டுக்கு. பால் பிள்ளைக்கு. தூக்கம்கூடப் பிள்ளை அழும்வரைதான். இந்த வரிசையில் யாருக்கும் பயன்படாத, யாரும் பங்கு கேட்கமுடியாத ஒரே ஒரு காரியம் நோன்பு. தொழுவதைப் பிறர் பார்க்கமுடியும், தானத்தை வாங்குபவன் பார்க்கிறான். நோன்பு நோற்பது வெளியே தெரியாது. அடுப்பங்கரையில் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. குடிக்காமல் இருப்பது அவளுக்கும் அவள் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மற்ற செயல்கள் மனிதனுடையவை, நோன்பு என்னுடையது என்று இறைவன் கூறுவதாக நபிமொழி ஒன்று இருக்கிறது. அந்த வீட்டில் அவளுக்குத் தனி அறை இல்லை. பகல் முழுவதும் அவளோடு நடமாடும் தனி அறை இந்த நோன்பு.

ஆகவே 'விட்டுடும்மா' என்ற சொல் அவள் காதில் இரண்டு விதமாக விழும். உடலுக்கு அது விடுதலை. மனதுக்கு வெளியேற்றம். எல்லோரும் பங்குபெறும் மாதத்திலிருந்து, தனக்கென்று இருந்த ஒன்றிலிருந்து, 'பிள்ளைக்காக' அவள் அப்புறப்படுத்தப்படுகிறாள். இந்த இழப்பைக் கணக்கில் எடுக்காத பகுத்தறிவும், தலைச்சுற்றலைக் கணக்கில் எடுக்காத பக்தியும் ஒரே தவறைத்தான் செய்கின்றன. இரண்டும் அவளை ஒரு நபராகப் பார்க்கத் தவறுகின்றன. ஒன்று அவளை உடலாக்கிவிடுகிறது, மற்றது கடமையாக்கிவிடுகிறது.

நமது இலக்கியமும் இதில் உதவவில்லை. தமிழ்க் கதைகளில் தாய் ஒன்று தெய்வம், அல்லது பலி. பெரும்பாலும் முதலில் பலி, பிறகு தெய்வம். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) வந்தபோது அதைப் பலர் ஒரு துணிச்சலாக மட்டும் பார்த்தார்கள். முஸ்லிம் வீட்டின் உள்ளறைகளில் பெண்கள் தங்களுக்குள் தங்கள் உடல்களைப் பற்றிப் பேசிக்கொள்ளும் பேச்சு தமிழ் நாவலுக்குள் வந்தது என்பதே அதன் முக்கியத்துவம். ஆண் காதுக்காகத் திருத்தப்படாத பேச்சு. பிள்ளைக் காரணத்தை முன்னிறுத்தாமல் தலைச்சுற்றலைத் தலைச்சுற்றல் என்றே சொல்லும் பேச்சு எங்காவது தொடங்குமானால் அந்த அறைகளில்தான் தொடங்கும்.

5

கீர்க்ககார் 1843இல் எழுதிய 'அச்சமும் நடுக்கமும்' ஆபிரகாம் மகனைப் பலியிடப் புறப்பட்ட கதையைச் சுற்றிச் சுழல்கிறது. நம் வட்டத்தில் அந்த நூலைப் பேசியவர்கள் எல்லோரும் ஆபிரகாமின் தனிமையையே பேசியிருக்கிறோம். நூலின் முன்பகுதியில் விசித்திரமான ஒன்று இருக்கிறது. மலைப் பிரயாணத்தை நான்கு விதமாகக் கற்பனை செய்கிறார் கீர்க்ககார். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு தாய் வருகிறாள். பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கும் தாய். ஒருமுறை மார்பில் கருமை பூசிக்கொள்கிறாள், ஒருமுறை மார்பை மறைத்துக்கொள்கிறாள், ஒருமுறை பிரிவை நினைத்து வருந்துகிறாள், ஒருமுறை வேறு உணவைக் கையில் வைத்திருக்கிறாள். விசுவாசத்தின் உச்சியைச் சொல்ல முயன்ற தத்துவவாதி, நான்கு முறையும் அடுக்களைக்குத் திரும்பிவந்து தாயிடம் நிற்கிறார். ஆனால் அவள் உவமையாக மட்டும் நிற்கிறாள். அவளுக்குப் பெயர் இல்லை, அவளுக்குப் பசிப்பதில்லை.

அதே ஆபிரகாமின், இப்ராஹீமின், குடும்பத்தில் உவமை அல்லாத ஒரு தாய் இருந்தாள். ஹாஜர். அவள் பெயர் குர்ஆனில் இல்லை. நபிமொழித் தொகுப்புகளில் இருக்கிறது. கைக்குழந்தையோடு மனிதர் இல்லாத பள்ளத்தாக்கில் விடப்பட்டவள். தோல்பையில் இருந்த தண்ணீர் தீர்ந்துபோனது. ஸஃபா குன்றில் ஏறிப் பார்த்தாள், இறங்கி ஓடினாள், மர்வா குன்றில் ஏறிப் பார்த்தாள். ஏழு முறை. அவள் தேடியது தண்ணீரை. அதை அவள் வழிபாடு என்று நினைத்துச் செய்யவில்லை. ஆனால் இன்று ஹஜ்ஜுக்குப் போகும் ஒவ்வொருவரும், மன்னரானாலும் ஆலிமானாலும், அந்த இரு குன்றுகளுக்கிடையே ஏழு முறை நடந்தாகவேண்டும். ஷாபி மரபில் ஹஜ்ஜின் தூண்களில் அது ஒன்று. ஒரு தாயின் பதற்றம் ஒரு மதத்தின் சடங்காகிவிட்டது.

இதை மட்டும் சொல்லி நெகிழ்ந்து நின்றுவிடுவது பிரசங்கிகளின் வழக்கம். அடுத்ததையும் சொல்லவேண்டும். அந்தப் பாதையின் நடுவில் ஒரு பகுதி பச்சை விளக்குகளால் குறிக்கப்பட்டிருக்கிறது. ஹாஜர் ஓடிய இடம் என்று அங்கே ஆண்கள் ஓட்டமாகச் செல்லவேண்டும். பெண்கள் ஓடவேண்டியதில்லை, நடந்தால் போதும் என்பது சட்ட அறிஞர்களின் முடிவு. ஓடியவள் பெண். அவள் ஓட்டத்தை ஆண்கள் ஓடிக்காட்டுகிறார்கள். பெண்ணின் கண்ணியம் கருதிச் சொல்லப்பட்ட விதி என்பது புரிகிறது. ஆயினும் தாயின் தவிப்பு புனிதமாக்கப்படும்போது அது தாயிடமிருந்து கைமாறிவிடுவதற்கு இதைவிடத் துல்லியமான படிமம் எந்தக் கவிஞனுக்கும் கிடைக்காது.

ஹாஜரின் கதையை நபிமொழி சொல்லும் வரிசையில் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. தண்ணீர் தீர்ந்ததும், அவளுக்குத் தாகம் எடுத்தது, பிள்ளைக்கும் தாகம் எடுத்தது என்று வருகிறது. முதலில் அவள். ஊற்று பீறிட்ட பிறகு, அவள் குடித்தாள், பிள்ளைக்குப் பாலூட்டினாள் என்று வருகிறது. அங்கும் முதலில் அவள். தண்ணீரைக் கண்டதும் கையில் ஏந்திக்கொண்டு பிள்ளையின் வாய்க்கு ஓடிப்போய் ஊற்றினாள் என்று சொல்லியிருந்தால் நம் சினிமாவுக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். சொல்லப்பட்டது அப்படி அல்ல. குடித்தாள். அதனால் ஊட்ட முடிந்தது. ஷாபி மரபின் 'எனக்காகவும்' என்ற சொல்லுக்கு இங்கே உடல் இருக்கிறது.

குர்ஆனில் வேறு இரண்டு தாய்மார்கள். மூஸாவின் தாய்க்கு வரும் இறையறிவிப்பின் முதல் கட்டளை, பிள்ளைக்குப் பாலூட்டு என்பது. ஆற்றில் விடுவது அதற்குப் பிறகு. மர்யம் பேரீச்ச மரத்தடியில் தனியாகப் பிள்ளை பெறுகிறாள். அவளுக்குச் சொல்லப்படுவது: உண், குடி, கண் குளிர்ந்திரு, மனிதர்களைக் கண்டால் நோன்பு நேர்ந்திருக்கிறேன், இன்று எவரோடும் பேசமாட்டேன் என்று தெரிவித்துவிடு. அரபியில் அங்கு வரும் சொல் நோன்புக்கான அதே சொல். வயிறு நிறைய உண்டுகொண்டு நோற்கும் நோன்பு. ஊரின் விசாரணைக்குப் பதில் சொல்லாமல் இருப்பதே அந்த நோன்பு. பிள்ளை பெற்ற உடலுக்கு உணவும், பெண்ணின் தன்மானத்துக்கு மௌனமும் ஒரே கட்டளையில் அளிக்கப்படுகின்றன. நோன்பை விட்ட தாய் தெருவில் யாருக்கும் காரணம் சொல்லவேண்டியதில்லை என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் எதற்கு?

இரு மதங்களிலும் நாம் கொண்டாடும் பெண் ஞானிகளை எண்ணிப் பாருங்கள். ஆண்டாள் அரங்கனோடு கலந்தாள். காரைக்கால் அம்மையார் உடலின் சதையை உதறிவிட்டுப் பேயுரு கொண்டார். பஸ்ராவின் ராபியா மணம் புரியாமல் வாழ்ந்தார் என்று மரபு சொல்கிறது. பிள்ளையின் அழுகைக்கு நடுவே கடவுளை நினைத்தவளுக்கு ஞானிகளின் வரிசையில் இடம் அரிது. அவளுக்கென்று இருப்பவர்கள் இந்த மூன்று தாய்மார்கள். மூவரும் கடவுளை அடைய வீட்டைத் துறந்தவர்கள் அல்ல. கடவுள் அவர்களிடம் வந்தபோது தண்ணீர், பால், பேரீச்சம்பழம் என்று உணவாகவே வந்தார்.

6

இனிக் கடன். மாதவிலக்கு நாட்களில் பெண் தொழுவதில்லை, நோற்பதில்லை. விட்ட தொழுகைக்கு ஈடு இல்லை. விட்ட நோன்புக்கு ஈடு உண்டு. ஆகவே ஒவ்வொரு பெருநாளையும் பெண் ஒரு சிறு கடனோடுதான் தொடங்குகிறாள். கர்ப்பமும் பாலூட்டலும் சேர்ந்தால் கடன் வளர்கிறது. மூன்று பிள்ளைகள், பிள்ளைக்கு இரண்டு ரமலான் என்று வைத்துக்கொண்டால் நூற்றெண்பது நாள். ரமலான் சந்திரக் கணக்கில் வருவதால் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, ஏறக்குறைய முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒரு சுற்று முடிக்கிறது. ஒரு பெண் பிள்ளை பெறக்கூடிய காலமும் ஏறக்குறைய அவ்வளவே. கத்திரி வெயிலிலும் ஐப்பசி மழையிலும் மார்கழிக் குளிரிலும் அவளுக்கு ஒவ்வொரு கடன் விழுந்திருக்கும்.

இந்தக் கடனை அவள் தனியாக அடைக்கவேண்டும். ரமலானில் ஊரே நோற்கிறது. பசிக்கு ஒரு கூட்டம் இருக்கிறது. களா நோன்புக்குக் கூட்டம் இல்லை. வீட்டில் மற்றவர்கள் மதியம் உண்பார்கள். பரிமாறுபவள் நோன்பாளி. ஸஹருக்கு எழுப்ப யாரும் இல்லை, மாலையில் கஞ்சி வராது. ஆணின் நோன்பு திருவிழா, பெண்ணின் நோன்பில் பாதி தவணை.

உயிரோடு இருப்பவரின் நோன்பை இன்னொருவர் நோற்க முடியாது. இதில் சட்டம் கண்டிப்பானது, அது சரியும்கூட. நோன்பு அவளுடைய தனி அறை என்றால் அங்கே இன்னொருவர் நுழைய முடியாது. ஆனால் அவள் செய்யும் வேலை? சமையலும் துவைப்பும் மனைவியின் சட்டக் கடமை அல்ல என்பது ஷாபி மரபு. ஹனபி மரபில் அது ஒழுக்கக் கடமை. நீதிமன்றம் சென்று நிர்ப்பந்திக்க முடியாது. பாலூட்டுவதைக்கூட, குழந்தை வேறு பாலை ஏற்கும்வரை, தாயின்மேல் சட்டப்படி திணிக்க முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாய்க்குத் தீங்கு வரக்கூடாது என்பது குர்ஆனின் பொருள். நபி வீட்டில் இருக்கும்போது வீட்டாரின் வேலைகளைச் செய்துகொண்டிருந்தார், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து போனார் என்று ஆயிஷா கூறியதாக நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. தொழுகை நடத்தும்போது குழந்தையின் அழுகை கேட்டால், தாய் தவிப்பாளே என்று தொழுகையைச் சுருக்கிக்கொண்டதாகவும் இருக்கிறது. பின்வரிசையில் ஒரு பிள்ளை அழுவது முன்வரிசையின் வழிபாட்டு நீளத்தைத் தீர்மானித்திருக்கிறது.

ஆக, பகிர முடியாதது எது, பகிரக்கூடியது எது என்பதில் மரபுக்குக் குழப்பம் இல்லை. நோன்பைப் பகிர முடியாது. வேலையைப் பகிரலாம். நமது வீடுகள் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கின்றன. வேலை அவளை விட்டு நகராது. நோன்பின் புண்ணியத்தை மட்டும் 'நீ பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாயே, அதுவே உனக்கு நோன்பு' என்ற இனிய சொல்லால் ஈடுகட்டிவிடுகிறார்கள். ஆறுதலாகத் தோன்றும் இந்த வாக்கியம் நயமான ஒரு மோசடி. அவள் கேட்டது ஆறுதலை அல்ல, ஒரு பகலை.

ஆலையும் இதில் வீட்டின் பக்கம்தான். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தந்தது. 2017இன் திருத்தம் விடுப்பை இருபத்தாறு வாரமாக உயர்த்தியது, முதல் இரு குழந்தைகளுக்கு. சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் துணியை நெய்யும் சிறு தறிக்கூடங்களில் இந்த இடைவேளைகளை யார் கேட்பது, யார் கொடுப்பது? ஊரெல்லாம் காயத்துக்குக் கட்ட அங்கிருந்து துணி போகிறது.

ஷாபியின் கேள்வி மேலா, ஹனபியின் மௌனம் மேலா? ராஜபாளையத்துப் பெண்ணுக்கு வாய்த்தது கேட்காத மரபு. கேட்காதிருப்பது ஒரு கருணை. தாயையும் பிள்ளையையும் பிரித்துப் பார்க்க அது மறுக்கிறது, அந்த அச்சம் ஒரே அச்சம் என்று ஏற்கிறது. கேட்காத இடத்தில் பொய் சொல்லவேண்டிய தேவையும் இல்லை. ஆனால் சட்டம் கேட்காமல் விட்ட இடத்தை வீடு எடுத்துக்கொள்கிறது. வீடு கேட்கிறது, அதற்கு ஒரே ஒரு பதில்தான் செல்லும் என்று முன்பே தீர்மானித்துவிட்டுக் கேட்கிறது. அப்படிப்பட்ட வீட்டில், சுமையைக் கூட்டக்கூடிய கேள்வியானாலும் நேராகக் கேட்கப்படும் கேள்வி மேல் என்று தோன்றுகிறது. எவருக்காக அஞ்சினாய் என்று ஒருவர் உண்மையாகக் கேட்டால், பதில் சொல்வதற்காகவேனும் அவள் ஒரு நிமிஷம் நின்று தன் உடலைக் கேட்டுப்பார்ப்பாள்.

அதைக் கேட்க ஆலிம் வேண்டியதில்லை. ஸஹர் நேரத்தில் அடுப்பைத் தான் பற்றவைத்துவிட்டு அவளை உட்காரச் சொல்லும் புருஷன் கேட்கலாம். முப்பதும் பிடித்த மாமியார் கேட்கலாம், கேட்கும்போது தன் பழைய தலைச்சுற்றலும் அவளுக்கு நினைவு வரலாம். மாத்திரை கொடுப்பவர் கேட்கலாம். கேட்டவர், வரும் பதில் 'எனக்காக' என்று இருந்தாலும் முகம் மாறாமல் நிற்கவேண்டும். அதுவும் ஒருவகை நோன்புதான்.